பிள்ளைகள் எனும் அமானிதமும் பொறுப்பாளர்களின் மௌனமும்

 

 

இந்த வாரம் நாம் பேச எடுத்துக்கொண்டிருப்பது அமெரிக்காவில் நடந்த ஒரு விஷயம். அங்குள்ள ஒரு விளையாட்டுச் சங்கம், அதன் மருத்துவர், அவரிடம் சிகிச்சைக்கு வந்த சிறுமிகள். மிம்பருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். பிள்ளையைப் பெற்றவர்களும், பிள்ளைகள் வந்துபோகிற ஓர் இடத்தின் கமிட்டியில் இருப்பவர்களும் முழுவதும் படித்துவிட்டு அதைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

2015 ஜூன் 17. அமெரிக்காவின் தேசிய ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கமான யுஎஸ்ஏ ஜிம்னாஸ்டிக்ஸுக்கு ஒரு தகவல் வருகிறது. தேசிய அணியின் மருத்துவர் லாரி நாசர் சிகிச்சை என்ற பெயரில் தங்களிடம் நடந்துகொள்வதைப் பற்றி இரண்டு வீராங்கனைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை ஒரு கோச் கேட்டுவிட்டார். கேட்டவர் மறைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் தாயிடம் சொன்னார், சங்கத்திடமும் சொன்னார். செய்ய வேண்டியதை உடனே செய்தவர் அந்த ஒரு கோச்தான்.

சங்கம் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ.யிடம் போன நாள் ஜூலை 28. இடையில் 41 நாட்கள்.

அந்த 41 நாட்களில் என்ன நடந்தது? சங்கம் தன் செலவில் தனியார் விசாரணையாளர் ஒருவரை வைத்துக்கொண்டது. வெளியே பேச வேண்டாம் என்று தன்னிடம் சொல்லப்பட்டதாக அந்தப் பிள்ளையின் தாய் பின்னாளில் கூறினார். மருத்துவர் போட்டிகளுக்கு வராததற்கு உடம்பு சரியில்லை என்பதுபோல ஒரு காரணத்தைச் சொல்வது பற்றி, சங்கத்தின் வழக்கறிஞரும் அந்த மருத்துவரும் மின்னஞ்சலில் பேசிக்கொண்டார்கள். செப்டம்பரில் அவரே முகநூலில் ஓய்வு பெறுவதாக எழுதினார். பார்த்தவர்களுக்கு, நீண்ட காலம் உழைத்த ஒரு நல்ல மனிதர் கௌரவமாக விடைபெறுகிறார் என்றுதான் தோன்றியிருக்கும்.

ஆனால் அவருக்கு இன்னொரு வேலை இருந்தது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் மருத்துவர். அங்கே மாணவிகளும் ஊர்ச் சிறுமிகளும் முதுகுவலிக்கும் இடுப்புவலிக்கும் அவரிடம்தான் வருவார்கள். சங்கம் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி எழுதவில்லை. எஃப்.பி.ஐ.யும் சொல்லவில்லை. 2016 ஆகஸ்ட் முடியும் வரை அவர் சிகிச்சை கொடுத்துக்கொண்டே இருந்தார். தகவல் எஃப்.பி.ஐ. கைக்குப் போன 2015 ஜூலைக்கும் 2016 செப்டம்பருக்கும் இடையில் மட்டும் ஏறக்குறைய 70 இளம் வீராங்கனைகள் அவரால் பாதிக்கப்பட்டதாகச் சொல்லும் நீதிமன்ற ஆவணங்களை, 2021-இல் அமெரிக்க நீதித்துறையின் தலைமை ஆய்வாளர் தம் அறிக்கையில் எடுத்துக்காட்டினார்.

எழுபது பிள்ளைகள்! எவருக்குமே தெரியாத காலத்தில் நடந்ததல்ல இது. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரிந்த பிறகு நடந்தது.

இப்போது அந்த அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தவர்களின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள். அவர்கள் எல்லோரும் கொடியவர்கள் என்று சொல்லிவிட்டால் நமக்கு வேலை முடிந்துவிடும். நாம் அப்படியில்லை என்று நிம்மதியாக எழுந்து போய்விடலாம். அவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான். அவர்கள் மனதில் ஓடியது நமக்குப் பழக்கமான கேள்விதான்: "இது இன்னும் நிரூபணமாகவில்லையே? பொய்யாக இருந்தால் ஒரு மனிதரின் வாழ்க்கை நாசமாகிவிடுமே?"

கேள்வி நியாயமானது. அதை வைத்த இடம்தான் தவறு.

ஒரு குற்றச்சாட்டு வரும்போது பொறுப்பாளர் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. இவர் குற்றவாளியா என்பது ஒன்று. நாளைக் காலையில் பிள்ளைகள் இவரிடம் தனியாகப் போகலாமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் சாட்சி வேண்டும், ஆதாரம் வேண்டும், நீதிபதி வேண்டும், காலமும் வேண்டும். இரண்டாவது கேள்விக்கு இவை எதுவும் தேவையில்லை. அது அமானிதம் பற்றிய கேள்வி. முதல் கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை என்பதையே இரண்டாவது கேள்விக்கும் பதிலாக எடுத்துக்கொண்டார்களே, அந்த 41 நாட்களும் அதற்குப் பின் வந்த ஓராண்டும் அங்கேதான் தொலைந்தன.

இது இன்று புதிதாகக் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த ஒரு சம்பவம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. கூஃபாவின் ஆளுநராக இருந்தவர் ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி). யார் அவர்? சுவனத்து நற்செய்தி சொல்லப்பட்ட பத்துப் பேரில் ஒருவர். ஆரம்பத்திலேயே இஸ்லாத்தை ஏற்றவர். அவர் மீது கூஃபாவாசிகளில் சிலர் புகார் கொண்டு வந்தார்கள். அவருக்கு ஒழுங்காகத் தொழவைக்கக்கூடத் தெரியவில்லை என்பதும் அதில் ஒன்று. நபி (ஸல்) அவர்களுக்குப் பின்னால் நின்று தொழுத மனிதரைப் பற்றி இப்படி ஒரு புகார்!

உமர் (ரலி) சிரித்துவிட்டு அந்தப் புகாரைத் தூக்கிப் போட்டிருக்கலாம். போடவில்லை. ஸஅதைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். அழைத்து நேரில் விளக்கம் கேட்டார்கள். எப்படித் தொழவைக்கிறேன் என்று ஸஅத் சொன்னபோது, உங்களைப் பற்றி என் எண்ணமும் அதுதான் என்றார்கள். அதாவது உமருக்குத் தனிப்பட்ட முறையில் அவர் மீது சந்தேகமே இல்லை! அப்படியிருந்தும் விசாரணையை நிறுத்தவில்லை. கூஃபாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்கள் பள்ளிவாசல் பள்ளிவாசலாகப் போய் மக்களிடம் பகிரங்கமாகக் கேட்டார்கள். எல்லாப் பள்ளியிலும் நல்லதே சொன்னார்கள். ஒரு பள்ளியில் மட்டும் ஒருவர் எழுந்து குறை சொன்னார். அது பொய் என்பது பின்னால் வெளிப்பட்டது. உமர் (ரலி) தம் மரணப் படுக்கையில், ஸஅதை நான் திறமைக் குறைவுக்காகவோ மோசடிக்காகவோ விலக்கவில்லை என்று எல்லோரும் அறியச் சொல்லிவிட்டுத்தான் போனார்கள்.

இதில் எத்தனை விஷயங்கள் இருக்கின்றன, கவனியுங்கள். விலக்கிவைத்தது தண்டனை அல்ல. விலக்கியவருக்கு, விலக்கப்பட்டவர் மீது நல்லெண்ணம் இருந்தது. அந்த நல்லெண்ணம் விசாரணைக்குத் தடையாகவில்லை. விசாரணை மூடிய அறையில் நடக்கவில்லை. குற்றமற்றவர் என்று தெரிந்ததும் அதையும் கலீஃபாவே வாய்திறந்து சொன்னார்கள். பொய்ப் புகாரால் ஒருவர் நாசமாகிவிடுவாரே என்று அஞ்சுகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்: நிரபராதியான ஒரு கோச்சுக்கும் திறந்த விசாரணைதான் பாதுகாப்பு. மூடிமறைத்தால் காலமெல்லாம் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு கிசுகிசு ஓடிக்கொண்டே இருக்கும். ரகசியம் காப்பாற்றுவது குற்றம் செய்தவனை மட்டும்தான்.

ஆளுநர் தொழவைக்கும் முறையைப் பற்றிய புகாருக்கே இவ்வளவு என்றால், பிள்ளையின் உடல் பற்றிய புகாருக்கு எவ்வளவு வேண்டும்?

சிலர் இந்த இடத்தில் சூரத்துந் நூரின் நான்காம் வசனத்தைக் கொண்டு வருவார்கள். நான்கு சாட்சிகள் இல்லாமல் பேசினால் அவதூறு ஆகிவிடாதா என்று கேட்பார்கள். கற்புள்ள ஒரு பெண் மீது விபச்சாரப் பழி சுமத்துகிறவனின் வாயை அடைக்க வந்த சட்டம் அது. பெண்ணின் மானத்தைக் காக்க வந்த வசனத்தை, அநீதம் இழைக்கப்பட்ட பெண்பிள்ளையின் வாயை அடைக்கப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய தலைகீழ்! ஒரு பிள்ளை தனக்கு நடந்ததைச் சொல்வது மற்றவர் மீது விபச்சாரப் பழி போடுவது அல்ல, அநீதத்தை முறையிடுவது. தீய சொல்லைப் பகிரங்கமாகப் பேசுவதை அல்லாஹ் விரும்புவதில்லை. ஆனால் அநீதம் செய்யப்பட்டவருக்கு அதில் விதிவிலக்கு உண்டு என்பது சூரத்துந் நிஸாவின் 148ஆம் வசனம் தரும் செய்தி.

மதீனாவில் தொழுகைக்குப் புறப்பட்ட ஒரு பெண்ணை வழியில் ஒருவன் பலாத்காரம் செய்துவிட்டான் என்ற செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. அந்தப் பெண் கூச்சலிட்டாள். நபி (ஸல்) அவர்களிடம் வந்தபோது நான்கு சாட்சி எங்கே என்று அவளிடம் கேட்கப்படவில்லை. அவள் மீது குற்றமும் பிடிக்கப்படவில்லை. அதே சம்பவத்தில் மக்கள் பிடித்துக்கொண்டு வந்தது வேறொரு மனிதரை. உண்மையில் செய்தவன் தானே எழுந்து நின்று ஒப்புக்கொண்டான். அதாவது, முறையிட்டவளின் வார்த்தை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அதோடு, ஆள் மாறிப்போவதும் நடக்கக்கூடியதுதான் என்பதையும் அந்த ஒரே சம்பவம் நமக்குக் காட்டிவிடுகிறது. நம்புவதும் விசாரிப்பதும் எதிரும் புதிருமானவை அல்ல.

மீண்டும் அந்தச் சங்கத்துக்கு வருவோம். நாசர் விஷயம் வெளிவருவதற்குச் சற்று முன்பு, 2016 ஆகஸ்டில், இண்டியானாபொலிஸ் ஸ்டார் என்ற நாளிதழ் ஒரு புலனாய்வுக் கட்டுரை வெளியிட்டது. சங்கத்தின் அலுவலகத்தில் 50-க்கும் மேற்பட்ட கோச்கள் மீதான புகார்கள் ஃபைல்களாக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன என்பது அதில் வெளியானது. பாதிக்கப்பட்ட பிள்ளையோ அதன் பெற்றோரோ நேரில் தராத புகாரை வெறும் கேள்விப்பட்ட பேச்சு என்று ஒதுக்கிவிடுவதுதான் தங்கள் வழக்கம் என்று நிர்வாகிகளே சத்தியப் பிரமாணத்தின் கீழ் சொன்னார்கள். பயிற்சிக்கூட உரிமையாளர் எழுதினால் போதாது, சக கோச் சொன்னால் போதாது. பத்து வயதுப் பிள்ளை வந்து சொல்ல வேண்டும்! ஒரு கோச்சைப் பற்றி 1998 முதலே எச்சரிக்கைகள் வந்தும், அவர் ஏறக்குறைய 7 ஆண்டுகள் தொடர்ந்து சிறுமிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறைக்குப் போனார்.

இந்த ஃபைல்களைப் பற்றிப் படித்தபோது எனக்கு நம் ஹதீஸ் கலை இமாம்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். அறிவிப்பாளர்களைப் பற்றி அவர்களும் குறிப்பு எடுத்தார்கள். இவர் நம்பகமானவர், இவர் மறதிக்காரர், இவர் பொய்யர் என்று பெயர் சொல்லி எழுதினார்கள். எழுதி அலமாரியில் வைத்துப் பூட்டவில்லை. ஊர் ஊராக மாணவர்களுக்குச் சொன்னார்கள். இது கீபத் ஆகாதா என்று கேட்கப்பட்டபோது, மார்க்கத்தைக் காப்பது கடமை, அதற்காகச் சொல்லியே ஆக வேண்டும் என்றார்கள். ஓர் ஹதீஸின் வாசகம் பிசகிவிடக் கூடாதே என்று அவ்வளவு கவலைப்பட்ட உம்மத் இது. பிள்ளைகளின் விஷயத்தில் மட்டும் நமக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது.

குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழியும் அடிக்கடி இதில் இழுக்கப்படுகிறது. முஸ்லிமில் உள்ள ஹதீஸ்தான், சந்தேகமில்லை. அதற்கு விரிவுரை எழுதிய இமாம் நவவி (ரஹ்) என்ன சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். கெடுதியும் தொல்லையும் செய்பவர் என்று அறியப்படாத ஒருவர் எப்போதோ சறுக்கியதை மறைப்பது பற்றியது அது. தீங்கு செய்துகொண்டே இருப்பவனை மறைக்கக் கூடாது, பொறுப்பாளரிடம் கொண்டுபோக வேண்டும், மறைத்தால் அது அவனுக்கு மேலும் துணிவைக் கொடுக்கும் என்று விளக்குகிறார்கள். ஒருவன் தனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் செய்த பாவத்தைத்தான் நீங்கள் மறைக்கலாம். இன்னொருவர் பிள்ளைக்கு நேர்ந்த காயத்தை மன்னிக்கவோ மறைக்கவோ உங்களுக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

நல்லெண்ணம் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். ஏனென்றால் இந்த வழக்கில் நிர்வாகிகள் மட்டும் ஏமாறவில்லை, பெற்றோரும் ஏமாந்தார்கள். 2000-ஆம் ஆண்டில் 15 வயதில் நாசரிடம் சிகிச்சைக்குப் போன ரேச்சல் டென்ஹாலந்தர் என்ற பெண்தான், 2016-இல் நாளிதழுக்கு எழுதி, தன் பெயரைச் சொல்லிப் பகிரங்கமாகக் குற்றம் சாட்டிய முதல் ஆள். சிகிச்சை நடந்த அறையில் அவருடைய தாயும் இருந்தார். தாயின் பார்வை மறைக்கும்படி அந்த மருத்துவர் நின்றுகொண்டார். இன்னும் பல தாய்மார்களுக்கு இதுவே நடந்தது. மருத்துவர் சிரித்த முகம். பிள்ளைகளுக்குத் தின்பண்டம் கொடுப்பார். இரவிலும் போனை எடுப்பார். அவரது ஊர்ப் பள்ளிக்கூட வாரியத் தேர்தலில் அவர் வேட்பாளர். செய்தி வெளியான பிறகு விலகினாலும் வாக்குச்சீட்டில் பெயர் இருந்தது. 2016 நவம்பரில் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் அவருக்கு ஓட்டுப் போட்டார்கள்! ஊரில் ஒருவருக்கு நல்ல பெயர் இருப்பது அவர் நல்லவர் என்பதற்கு ஆதாரம் ஆகாது. பிள்ளைகளை நெருங்க விரும்புகிறவன் முதலில் சம்பாதிப்பது பெற்றோரின் நம்பிக்கையைத்தான்.

இதில் என் மனதை விட்டு அகலாத ஒரு குடும்பம் உண்டு. நாசரின் குடும்ப நண்பர்கள் அவர்கள். மகளுக்கு ஆறு வயதிலிருந்தே கொடுமை நடந்திருக்கிறது. 12 வயதில் அவள் பெற்றோரிடம் சொன்னாள். அவர்கள் நாசரிடமே கேட்டார்கள். அவர் மறுத்தார். பெற்றோர் அவரை நம்பினார்கள். பெரிய மனிதர் மீது பொய் சொன்னதற்காக மகளை அவரிடம் மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் தந்தைக்கு உண்மை விளங்கியது. 2016-இல் அவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். அவருக்கு உடல்நோயும் இருந்தது. ஆனாலும் நாசருக்குப் பரிந்து பேசிய வெட்கத்தைச் சுமக்காமல் இருந்திருந்தால் அப்பா மீண்டிருக்கக்கூடும் என்று அந்த மகள் நீதிமன்றத்தில் சொன்னாள். அந்தத் தந்தை கெட்டவர் அல்ல. மகள் மீதும் நண்பர் மீதும் ஒரே நேரத்தில் நல்லெண்ணம் வைக்க முடியாத நிலை வந்தபோது, நண்பரைத் தேர்ந்தெடுத்தார். அவ்வளவுதான்.

உங்கள் பிள்ளை ஒருவரைப் பற்றி அப்படி ஒன்றைச் சொன்னால், அந்த ஆளிடமே போய் "நீ செய்தாயா?" என்று கேட்பது விசாரணை அல்ல. அது அவனுக்கு முன்கூட்டியே தகவல் கொடுப்பது.

யார் விசாரிக்கிறார்கள் என்பது விசாரணையைப் போலவே முக்கியம். 2014-இல் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே ஒரு பெண் நாசர் மீது புகார் கொடுத்தார். பல்கலைக்கழகம் விசாரித்தது. நிபுணர்களாக அழைக்கப்பட்டவர்கள் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள், நாசரோடு பழகியவர்கள். சிகிச்சை முறையானதுதான் என்று முடிவு வந்தது. இனி இப்படிப்பட்ட சிகிச்சையின்போது இன்னொருவர் உடன் இருக்க வேண்டும் என்பதுபோல சில நிபந்தனைகளும் போட்டார்கள். ஆனால் அவை நடக்கின்றனவா என்று பார்க்க ஆள் போடவில்லை. எஃப்.பி.ஐ. கதை அதைவிட மோசம். பாதிக்கப்பட்ட வீராங்கனை ஒருவரிடம் 2015 செப்டம்பரில் தொலைபேசியில் வாக்குமூலம் கேட்டவர்கள், அதை முறையாக எழுதிப் பதிவு செய்தது 17 மாதங்கள் கழித்து. இண்டியானாபொலிஸ் அலுவலகத்தின் தலைமை அதிகாரி, அதே காலத்தில் ஒலிம்பிக் கமிட்டியில் ஒரு வேலை பற்றி ஜிம்னாஸ்டிக்ஸ் சங்கத்தின் தலைவரிடம் பேசிக்கொண்டிருந்தார் என்றும், பின்னர் அது பற்றிப் பொய் சொன்னார் என்றும் ஆய்வாளரின் அறிக்கை கண்டது. உங்களுக்கு எதிராகவோ, பெற்றோருக்கும் உறவினருக்கும் எதிராகவோ இருந்தாலும் நீதியில் நிலைத்து நில்லுங்கள் என்ற கட்டளை சூரத்துந் நிஸாவின் 135ஆம் வசனத்தில் வருகிறது. நீதிக்கு எப்போதும் குறுக்கே நிற்பவர்கள் பகைவர்கள் அல்ல, வேண்டப்பட்டவர்கள்தான்.

முடிவு பலருக்குத் தெரிந்ததுதான். நாசர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 2018 ஜனவரியில் மிச்சிகன் நீதிமன்றத்தில் 7 நாட்கள் 156 பெண்களின் வாக்குமூலங்கள் கேட்கப்பட்டன. 40 முதல் 175 ஆண்டுகள் வரை சிறை. அதே மாதத்தில் சங்கத்தின் நிர்வாகக் குழு முழுவதும் விலக நேர்ந்தது. பல்கலைக்கழகம் 50 கோடி டாலரும், சங்கமும் ஒலிம்பிக் கமிட்டியும் அவர்களது காப்பீட்டு நிறுவனங்களுமாகச் சேர்ந்து 38 கோடி டாலரும் கொடுக்க ஒப்புக்கொண்டன. எஃப்.பி.ஐ.யின் தவறுக்காக அரசாங்கம் 2024-இல் 13 கோடியே 87 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. பெயர் கெட்டுவிடும் என்று பயந்து மூடிய விஷயம், அந்தப் பெயரையும் காப்பாற்றவில்லை. ஆனால் நான் இதை வாதமாக வைக்க விரும்பவில்லை. பெயர் காப்பாற்றப்பட்டிருந்தாலும் அது பாவம்தான்.

டென்ஹாலந்தர் நீதிமன்றத்தில் சொன்ன இன்னொரு விஷயம் பள்ளிவாசலோடு தொடர்புள்ள நமக்கு முக்கியமானது. அவர் மார்க்கப் பற்றுள்ள கிறிஸ்தவர். பாதிக்கப்பட்டவர்களுக்காகப் பேசியதால் தன் தேவாலயத்தையே இழக்க நேர்ந்தது என்றார். ஊர் முழுக்க எதிர்த்தாலும் தாங்கிக்கொள்ளும் மனிதருக்கு, தொழும் இடத்தில் சக மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது எப்படி இருக்கும்? நம் ஜமாஅத்தில் ஒரு குடும்பம் இப்படி ஒரு புகாரோடு எழுந்து நின்றால், அடுத்த வாரம் அவர்களுக்கு ஸலாம் சொல்ல எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

2018 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. தேசிய விளையாட்டுச் சங்கங்களில் பிள்ளைகளோடு பணிபுரியும் பெரியவர்கள், இப்படி ஒரு தகவல் தெரிந்தால் 24 மணி நேரத்துக்குள் அரசு அதிகாரிகளிடம் சொல்லியாக வேண்டும். 41 நாட்கள் எங்கே, 24 மணி நேரம் எங்கே! அந்தச் சட்டம் சங்கத்திடம் குற்றத்தை நிரூபிக்கச் சொல்லவில்லை. தகவலைச் சொல், மீதியை அதற்குரியவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்கிறது.

இப்போது உங்கள் பிள்ளை போகும் நீச்சல் வகுப்பு, கிரிக்கெட் அகாடமி, டியூஷன், மக்தப் மதரஸா எல்லாவற்றையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டோம். இங்கே ஒரு பெரியவர் பிள்ளையோடு தனி அறையில் இருக்க அனுமதி உண்டா என்று கேட்டோமா? புகார் வந்தால் யாரிடம் போகும், அந்த ஆளை அன்றைக்கே பிள்ளைகளிடமிருந்து விலக்கிவைப்பீர்களா, விசாரிப்பவர் வெளியாளா என்று கேட்டோமா? கேட்டால் நிர்வாகி முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். கமிட்டியில் இருப்பவர்கள் யாரும் கேட்கும்வரை காத்திருக்காமல் இதை எழுதி வையுங்கள்: புகார் வந்த அன்றே சம்பளத்தோடு விலக்கிவைப்பது, போலீசுக்குத் தகவல் கொடுப்பது, அந்த ஆள் வேறெங்கெல்லாம் பிள்ளைகளோடு வேலை செய்கிறாரோ அங்கே சொல்வது, குற்றமற்றவர் என்று முடிவானால் எல்லோர் முன்னாலும் அதை அறிவித்து மீண்டும் அழைத்துக்கொள்வது. சப்தமில்லாமல் கணக்கு முடித்து அனுப்பிவிடுவதை மட்டும் செய்யாதீர்கள். அடுத்த ஊர்ப் பிள்ளைகளும் பிள்ளைகள்தான்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது விருப்பத்துக்கு விடப்பட்ட விஷயமும் அல்ல. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, பிள்ளைக்கு எதிராக இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டவருக்கு 6 மாதம் வரையிலும், தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைச் சொல்லாமல் விட்ட நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. வேண்டுமென்றே பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவர்களுக்கும் அதே சட்டத்தில் தண்டனை இருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது. தகவல் சொல்பவர் சாட்சி திரட்டிக்கொண்டு போக வேண்டியதில்லை. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098. பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையிலும் மக்தபின் சுவரிலும், பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் அதை இந்த வாரமே எழுதி ஒட்டுங்கள்.